நனைந்த விமானம் அடம்பிடித்தால்: தீபாவளிப் பறப்பு நாள் வைத்தியம்

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு நம் ரேடியோ விமானக் கழகத்தின் பறப்பு நாள் என்று வைத்துவிட்டால், மலேசியாவில் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் அன்றைக்கு மழை நிச்சயம். (2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். பலகை மாறியது, நம் வாய் இன்னும் மாறவில்லை.) அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் காற்று திசை மாறுகிற நேரம். காலையில் வெயில் பல்லைக் காட்டும், மூன்று மணிக்குச் செம்பனைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும், நாலு மணிக்குத் திடல் குளமாகிவிடும். காலை எட்டு மணிக்கே பறக்கவிட்டு முடித்துவிடலாம்தான், ஆனால் விருந்து சாப்பிட்ட களைப்பில் யார் வருகிறார்கள்? பசியாறி, பிள்ளைகளைக் கிளப்பி, முறுக்கு டின்னையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் வந்து சேரும்போது மணி இரண்டு.

அதனால் ஒவ்வொரு வருடமும் மழைக்கு நடுவில்தான் பறக்கவிடுகிறோம், ஒவ்வொரு வருடமும் அதே கோளாறுகள். "அண்ணே, சர்வோ தானா ஆடுது", "அங்கிள், மோட்டார் கத்துது" என்று யாராவது ஓடி வருவார்கள். (சர்வோ என்பது சிறகு, வால் மடல்களை அசைக்கிற சின்ன மோட்டார்.) இந்த முறை எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் விமானம் என்ன செய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்ப் படியுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்

தண்ணீர் மட்டும் என்றால் பொருளை மெதுவாகத்தான் கெடுக்கும். தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால் ஒரே நொடி போதும். நனைந்த விமானம் ஓடுகிறதா என்று பார்க்கச் செருகிப் பார்ப்பதுதான் அதைக் கொல்கிற வேலை. நானே செய்திருக்கிறேன். ஒரு ஃபோம் பயிற்சி விமானம் தோட்டத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது, எடுத்துத் துடைத்து, இரவு முழுக்க வரவேற்பறையில் வைத்திருந்தேன், வெளியே ஈரமே தெரியவில்லை. காலையில் செருகினேன். சின்னதாக ஒரு டிக், அப்புறம் அந்த நாற்றம். இஎஸ்சிக்கு, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பலகைக்கு, மேலே போட்டிருக்கிற சுருங்கு உறை தண்ணீரை உள்ளே விடாது என்று நினைத்திருந்தேன். போன தண்ணீரை வெளியே விடாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு விஷயம், எந்தத் தண்ணீரில் விழுந்தது என்று பாருங்கள். வானத்திலிருந்து விழுகிற மழைநீரில் உப்பு குறைவு, அது அவ்வளவாக மின்சாரம் கடத்தாது. வாய்க்கால் நீர் அப்படியில்லை. செம்பனைக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஓர் உப்புதான், மழை பெய்தால் கரைந்து வாய்க்காலுக்குத்தான் வரும். அதில் விழுந்த மின்பாகத்தை அப்படியே காயவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும், இரண்டு வாரத்தில் கனெக்டர் பச்சை பூக்கும். முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள் (ஆமாம், ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைக்கத்தான் சொல்கிறேன்), பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள். மருந்தகத்தில் கிடைக்கிற 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர்தான், 99 விழுக்காடு கிடைத்தால் நல்லது. தீப்பிடிக்கிற சரக்கு, பக்கத்தில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

பேட்டரி செருகியதும் பீப் பீப் என்கிறது, மோட்டார் சுற்றவில்லை

பதறாமல் பீப்பை எண்ணுங்கள். பெரும்பாலான இஎஸ்சிகளில் வேகமாக, விடாமல் அடித்தால் கையில் பிடிக்கிற ரேடியோவில் த்ராட்டில் குச்சி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) கீழே இல்லை என்று அர்த்தம். மழைக்கோட்டின் கை பட்டு மேலே ஏறியிருக்கும், அல்லது டிரிம் (குச்சியின் நிலையைச் சிறிது சிறிதாகத் திருத்துகிற பொத்தான்) நகர்ந்திருக்கும். இறக்குங்கள், நின்றுவிடும். ஒன்று இரண்டு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக அடித்தால், விமானத்துக்குள் ரேடியோ சிக்னலை வாங்குகிற ரிசீவரிலிருந்து சிக்னலே வரவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, த்ராட்டில் வயரை ரிசீவரிலிருந்து உருவி, முனையை வாயால் ஊதாமல் (எச்சிலும் ஈரம்தான்) உதறித் துடைத்து, ஆல்கஹால் தடவி, காய்ந்த பிறகு செருகுங்கள். அப்போதும் அதே பீப் என்றால் ரிசீவரில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அன்றைக்கு அந்த விமானத்துக்கு ஓய்வு.

மோட்டார் சுற்றாமல் முன்னும் பின்னும் உதறுகிறது, கத்துகிறது

மூன்று வயரில் ஒன்று தொடவில்லை. புல்லட் கனெக்டரில் சேறு போயிருக்கும், அல்லது தரையில் மோதியபோது பற்றவைத்த இடம் விட்டிருக்கும். உதறுகிற மோட்டாரை த்ராட்டில் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இஎஸ்சி எரிந்துவிடும். மோட்டாரைப் பற்றி மட்டும் அதிகம் கவலை வேண்டாம். பிரஷ் இல்லாத மோட்டார் தண்ணீருக்குள்ளேயே சுற்றக்கூடியது, அதில் கெடுவது பேரிங். காய்ந்ததும் இரண்டு பக்கமும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், போதும்.

சர்வோ தானாக ஆடுகிறது, அல்லது நடு வானில் ஒரு நொடி எல்லாம் செத்து மறுபடி உயிர் வருகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பண்டிகை நாளில் விழுகிற விமானங்களில் இந்தக் கோளாறால் விழுந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் மழையைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி மழை இல்லை, அலங்கார விளக்கு.

சாயங்காலம் பறக்கவிட அழகாக இருக்கும் என்று சிறகு நெடுக எல்இடி பட்டை ஒட்டி, அதை ரிசீவரில் காலியாக இருக்கிற ஒரு துளையில் செருகிவிடுகிறோம். நிறம் மாறுகிற 5 வோல்ட் பட்டையில் ஒவ்வொரு விளக்கும் முழு வெள்ளையில் எரியும்போது 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 30 விளக்கு என்றால் 1.8 ஆம்பியர். சின்ன இஎஸ்சிக்குள் இருக்கிற பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கிற பகுதி) கொடுப்பதே 2 அல்லது 3 ஆம்பியர், அதில்தான் நாலு சர்வோவும் ரிசீவரும் பிழைக்க வேண்டும். காற்றில்லாத மேசையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். மேலே போய், காற்றடித்து, நாலு சர்வோவும் ஒரே நேரத்தில் முட்டித் தள்ளும்போது வோல்ட் சரிந்து ரிசீவர் அணைந்துவிடும். அது மறுபடி எழுந்திருக்கிற அந்த நேரத்துக்குள் விமானம் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விளக்கு எல்லாவற்றையும் வெள்ளையில் எரியவிட்டு, இரண்டு குச்சியையும் ஒரு நிமிடம் மாவு பிசைகிற மாதிரி சுழற்றுங்கள். ரிசீவர் விளக்கு சிமிட்டினாலோ சர்வோ இழுத்து இழுத்து நகர்ந்தாலோ அதுதான். விளக்கின் செருகியைப் பிடுங்கிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள், கோளாறு போய்விட்டால் சந்தேகமே வேண்டாம். விளக்குக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரியோ தனி பிஇசியோ கொடுங்கள். 12 வோல்ட் பட்டை என்றால் விமானத்தின் மூன்று செல் லைப்போவிலிருந்தே (லித்தியம் பாலிமர் பேட்டரி) நேராக எடுக்கலாம், ரிசீவர் பக்கமே வர வேண்டாம். நீர் புகாத பட்டை என்று விற்கிறதை நம்பி வெட்டிய முனையை அப்படியே விடாதீர்கள், வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் உள்ளே போய் முழுப் பட்டைக்கும் பரவும். சிலிகான் வைத்து மூடுங்கள்.

விளக்கே இல்லை, அப்படியும் ஆடுகிறதா? சர்வோவை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் மற்றவை அமைதியாகின்றனவோ அதில்தான் தண்ணீர். சர்வோவின் அடிமூடியில் நாலு ஸ்குரூ, திறந்து காயவைக்கலாம். ஆனால் காய்ந்த பிறகும் ஒரே இடத்தில் நடுங்கினால் உள்ளே கோணத்தைப் பார்க்கிற பொட்டென்ஷியோமீட்டர் போய்விட்டது. 15 வெள்ளி (ரிங்கிட்) சர்வோவுக்காக 300 வெள்ளி விமானத்தைப் பணயம் வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

செம்பனைப் பக்கம் போனால் ரேடியோ பிடிக்கவில்லை

"மழையில சிக்னல் போகாதுலா" என்பார்கள். தப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நாம் பறக்கவிடுகிற தூரத்தில் மழைத்துளி ஒன்றும் செய்யாது. நனைந்த இலைதான் விழுங்கும். வளர்ந்த செம்பனை வரிசை ஒவ்வொன்றும் தண்ணீர் தொங்குகிற சுவர் மாதிரி, விமானம் அதற்குப் பின்னால் தாழ்ந்துவிட்டால் காய்ந்த நாளில் தாங்கிய தூரம் அன்று தாங்காது. மரத்துக்கு மேலேயே வைத்திருங்கள், திரும்புகிற இடத்தைத் திடலின் திறந்த பக்கத்துக்கு மாற்றுங்கள். உயரமாகப் போனால் சரியாகிவிடும் என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், 400 அடி என்கிற சட்டம் மழைக்கும் உண்டு, மேகமும் அன்றைக்குத் தாழ்வாகத்தான் இருக்கும்.

ரிசீவரில் இருக்கிற ஆன்டெனாவின் கடைசி 31 மில்லிமீட்டர்தான் உண்மையில் வேலை செய்கிறது. அது பேட்டரிக்கு அடியில் மடங்கியிருந்தாலோ கார்பன் குழாயை ஒட்டியிருந்தாலோ நல்ல வெயிலிலேயே பிடிக்காது. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டுங்கள். அப்புறம் ஒரு வேடிக்கை: போன முறை ஒருவருக்கு ரேஞ்ச் இல்லை, இல்லை என்று எல்லாரும் ரிசீவரைப் பிரித்துக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் அவர் தலைக்கு மேல் மனைவி பிடித்திருந்த குடையின் இரும்புக் கம்பி ரேடியோ ஆன்டெனாவில் உரசிக்கொண்டிருந்தது. குடை வேண்டாம். ரேடியோவைக் கைகளோடு சேர்த்து ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் அலையைத் தடுக்காது.

பறக்கவிடுவதற்கு முன்னால் ரேடியோவை ரேஞ்ச் செக்கில் (சிக்னல் வலிமையைக் குறைத்துச் சோதிக்கிற முறை) போட்டு 30 எட்டு நடந்து பாருங்கள். சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் நிற்கிற திடலில் இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

முதல் பறப்பில் ஒழுங்காக இருந்தது, ஈரப்புல்லில் இறங்கி மறுபடி ஏறினால் மூக்கைத் தூக்குகிறது

எனக்குப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் யாருமே நம்ப மாட்டார்கள். டிரிம்மை மாற்றுவார்கள், எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்குகிற வால் மடல்) பார்ப்பார்கள், காற்று என்பார்கள். வாலைத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும்.

கணக்குப் போடலாம். விமானம் 1200 கிராம். ஈரப்புல்லில் சறுக்கி இறங்கும்போது அடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாக 50 மில்லி தண்ணீர் உள்ளே போகிறது, அதாவது 50 கிராம், அரை டம்ளர்கூட இல்லை. மூக்கைத் தூக்கி ஏறும்போது அது வாலுக்கு ஓடி, எடை மையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் பின்னால் போய்த் தேங்குகிறது. 50ஐ 50ஆல் பெருக்கி 1250ஆல் வகுத்தால் மையம் 2 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்துவிட்டது. சிறகின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. மூக்கைத் தாழ்த்தினால் தண்ணீர் முன்னால் ஓடிவரும், விமானம் குணம் மாறும், நீங்கள் திருத்துவதற்குள் மறுபடி பின்னால் ஓடும். இதோடு சண்டை போட முடியாது, த்ராட்டிலை மெல்லக் குறைத்து நேராக இறக்குங்கள்.

வாலின் அடியில் கடைசிப் பகுதியில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டுவிட்டால் தீர்ந்தது. முன்பக்கத் துளைகளை அன்றைக்கு மட்டும் டேப்பால் மூடலாம், ஆனால் இஎஸ்சிக்குக் காற்று வேண்டும், எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள்.

சிறகு முறுக்கிக்கொண்டது, காகிதம் உரிகிறது

ஈபிஓ, ஈபிபி ஃபோம் தண்ணீர் குடிக்காது, துடைத்தால் போதும். காகிதம் ஒட்டிய ஃபோம் அட்டையில் பிள்ளைகள் செய்த விமானங்கள் ஒரே மழையில் உரிந்துவிடும், ஓரங்களில் முன்கூட்டியே அகலமான டேப் ஒட்டுங்கள், வார்னிஷும் அடிக்கலாம். பால்சா சிறகு முறுக்கியிருந்தால் அன்றைக்குப் பறக்கவிடாதீர்கள். வீட்டில் நன்றாகக் காய்ந்த பிறகு எதிர்ப் பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஒட்டிய ஃபிலிமில் இஸ்திரி போட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். இரட்டை வால்போல் கட்டிப் பறக்கவிடுகிற கிரேப் காகித நாடா மழையில் கூழ், அதற்கு வைத்தியம் கிடையாது.

நைட்ரோ இன்ஜின் பிடிக்கிறது, உடனே அணைந்துவிடுகிறது

நம் கழகத்தில் இன்னும் இரண்டு பெரியவர்கள் இதை விடமாட்டேன் என்கிறார்கள், அந்த விளக்கெண்ணெய் புகை வாசனைக்காகவே எனக்கும் பிடிக்கும். இதன் எரிபொருளில் இருக்கிற மெத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். பாட்டில் மூடியைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் கதை பேசினால், கையோடு கையாக அது தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்கும். போன தீபாவளிக்கு வாங்கி அரைப் பாட்டில் மிச்சமிருந்தது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். புதுப் பாட்டில் திறந்து பாருங்கள். அடுத்தது எரிபொருளைப் பற்றவைக்கிற க்ளோ பிளக்: கழற்றி 1.5 வோல்ட்டில் வைத்தால் கம்பி பளிச்சென்று ஆரஞ்சாக எரிய வேண்டும், மங்கலாக இருந்தால் சூடேற்றுகிற பேட்டரி இறங்கிவிட்டது, எரியவே இல்லையென்றால் பிளக் போய்விட்டது.

ப்ரொப்பெல்லர் கையில் சுற்றவில்லை, ஓர் இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் சிலிண்டருக்குள் தண்ணீரோ எரிபொருளோ தேங்கியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது. அப்போது மின் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, விமானத்தைக் கவிழ்த்து, கையால் நாலு சுற்று சுற்றி வெளியேற்றுங்கள். வீட்டுக்குப் போகும்முன் தொட்டியைக் காலிசெய்து, உள்ளே இருப்பது தீரும்வரை ஓடவிட்டு, எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

ட்ரோன் உயரத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது, கேமரா கண்ணாடி மூட்டம் போடுகிறது

உயரம் பார்க்கிற பாரோமீட்டரின் துளையில் ஒரு துளி நின்றாலே போதும். காயவிடுங்கள். பலகைக்கு நீர்காப்புப் பூச்சு அடிக்கிறவர்கள் அந்தத் துளையையும் செருகு முனைகளையும் டேப் போட்டு மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். மூட்டத்துக்குக் காரணம் மழை இல்லை, உங்கள் காடியின் (காரின்) ஏர்கோன். குளிர்ந்த பொருளை வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்று அதன்மேல் வியர்க்கிறது. அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்துப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

லைப்போ தண்ணீரில் விழுந்துவிட்டது

பேலன்ஸ் கனெக்டரை (ஒவ்வொரு செல்லையும் தனியாக இணைக்கிற சின்ன செருகி) துடைத்து, ஒவ்வொரு செல்லையும் மீட்டரில் பாருங்கள். மற்ற செல்களைவிட ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே போனாலோ, உறை கிழிந்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ அதைச் சார்ஜ் போடவே கூடாது. வெளியே, செங்கல்மேல், எரிகிற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். காடிக்குள்ளும் வேண்டாம், விருந்தினர் படுத்திருக்கிற வீட்டுக்குள்ளும் வேண்டாம். நல்லதாகத் தெரிந்தாலும் ஒரு நாள் வெளியே வைத்துப் பார்த்த பிறகே, பக்கத்திலேயே உட்கார்ந்து சார்ஜ் போடுங்கள். மழையால் பறக்கவிடாமல் மிஞ்சிய முழு பேட்டரிகளை செல்லுக்கு 4.2 வோல்ட்டிலேயே அடுத்த மாதம்வரை விடாமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வையுங்கள்.

இடி கேட்கிறது

இதில் கழற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை, இறக்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர், அந்தப் பத்தே நமக்கு மிகப் பக்கம். திறந்த திடலில் உயரமாக நிற்கிற ஆள் நாம்தான். மரத்தடிக்கும் கூடாரத்துக்கும் ஓடாமல் காடிக்குள் ஏறுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை இறங்க வேண்டாம். மேலிருந்து பலகாரம் போடுகிற விமானம் பாதியில் நின்றுவிட்டது என்று பிள்ளைகள் அழுவார்கள். பலகாரத்தைக் கையாலேயே கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அரிசியில் புதைக்காதீர்கள். அரிசி பெரிதாக ஈரம் இழுக்காது, அதன் தூசிதான் கனெக்டருக்குள் போய் மாவாகும். ஹேர் டிரையரும் வேண்டாம், ஃபோம் இளகிவிடும். மூடிகளைத் திறந்து, இஎஸ்சி உறையின் இரண்டு முனையையும் கத்தியால் மெல்லக் கீறிவிட்டு, மேசை விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வையுங்கள். நம் ஊர்க் காற்றே ஈரம் என்பதால் ரிசீவர், சர்வோ மாதிரிச் சின்ன பாகங்களை அதற்குப் பிறகு காலி முறுக்கு டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு இன்னும் இரண்டு நாள் இறுக்கி மூடிவைத்தால்தான் எனக்குத் திருப்தி. முதல் முறை செருகும்போது ப்ரொப்பெல்லர் இல்லாமல், வாசலில் வைத்துச் செருகுங்கள்.

டின்னின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவது முக்கியம். போன வருடம் நான் ஒட்டவில்லை, தாமதமாகத் தீபாவளி பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் மாமியார் தட்டில் கொட்டிக் கொடுத்தது ஆறு சர்வோவும் ஒரு ரிசீவரும்.